அலமாரிக்குள் ஊதியவர்

முசியே தலையைத் துணி அலமாரிக்குள் விட்டுக்கொண்டுதான் ட்ரம்பெட் ஊதுவார். அவருடைய நான்கு வெள்ளைச் சட்டை, அவர் மனைவி மதாமின் நீள நீளமான வியட்நாமிய உடைகள், கல்யாணத்துக்குத் தைத்த ஒரு கறுப்புக் கோட்டு, இவற்றின் நடுவே ட்ரம்பெட்டின் வாயை நுழைத்து, இரண்டு கதவையும் தோளோடு ஒட்டச் சாத்திக்கொண்டு ஊதினால் சத்தம் சந்துக்கு வராது என்பது அவர் எண்ணம். வரும். சளி பிடித்த எருமையின் குரலில் வரும். எதிர்வீட்டு மாடியில் நானும் அப்பாவும் சாயங்காலக் காப்பியோடு உட்கார்ந்திருப்போம். மேலே ஏறும் இடத்தில் சுரம் பிளந்துகொள்ளும். ஊதுவது நின்றுவிடும். அலமாரிக் கதவு கிரீச்சிடும். பிறகு ஒரு தகரப் பெட்டியின் மூடி திறக்கும் சத்தம்.

"மாத்துறான்" என்பார் அப்பா, கண்ணைத் திறக்காமலே.

மாற்றுவது அம்புஷூரை. ட்ரம்பெட்டின் நுனியில் செருகி உதட்டில் வைத்து ஊதுகிறார்களே, அந்தச் சின்ன வெள்ளிக் கிண்ணத்துக்குப் புதுச்சேரி, காரைக்கால் ஆட்கள் சொல்லும் பிரெஞ்சுப் பெயர் அது. ஒரு ட்ரம்பெட்டுக்கு ஒன்று போதும். முசியேயிடம் பதினொன்று இருந்தன. டேனிஷ் பிஸ்கட் வந்த தகரப் பெட்டியில் சிவப்பு ஃபிளானல் துணி விரித்து, ஒன்றோடொன்று இடிக்காதபடி பதினொன்றையும் குழந்தைகளைப் படுக்க வைப்பதுபோல் படுக்க வைத்திருப்பார். விளிம்பு அகலமானது, மெலிந்தது, கிண்ணம் ஆழமானது, தட்டையானது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் சொல்வார். ஒவ்வொன்றின்மேலும் ஒரு குறையும் சொல்வார். மழைக்காலத்தில் பச்சை பூக்காமல் இருக்க ஞாயிறு பூசை முடிந்ததும் எலுமிச்சைச் சாற்றில் தேய்த்து ஜன்னலோரம் வரிசையாகக் காயவைப்பார். காக்கை தூக்கிப் போய்விடும் என்று காய்ந்து முடியும்வரை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. சைகோனில் எங்கள் சந்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிரெஞ்சுக்காரன் காலத்தில் ஆபீசில் ஐயா என்பதற்கு முசியே என்றார்கள், அதுவே ஒட்டிக்கொண்டது. காரைக்காலிலிருந்து வந்து ஒரு துறைமுக ஆபீசில் குமாஸ்தா வேலை பார்த்தவர். நல்ல மனிதர். பொய் சொல்ல மாட்டார். மதாமைக் கை நீட்டி ஒரு அடி அடித்ததில்லை. சந்தில் யார் வீட்டில் கூரை ஒழுகினாலும் ஏணியைத் தூக்கிக்கொண்டு முதலில் வந்து நிற்பார். ஆனால் ட்ரம்பெட் என்று வந்துவிட்டால் மட்டும் குறை ஒருநாளும் அவரிடம் இருக்காது. சுரம் உடைந்தால் அம்புஷூர்தான். மூச்சு வாங்கினால் அம்புஷூர்தான். மழை வந்து ஊர்வலம் கலைந்தால்கூட அம்புஷூர்தான் என்பாரோ என்று நான் கேலி செய்வேன். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேனோ என்னவோ.

அப்பாவுக்கு அவரை வாலிபத்திலிருந்தே தெரியும். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்து சார்ஜெண்டாக வெளியே வந்தவர். ஓய்வுக்குப் பிறகு ஒரு பாங்கின் வாசலில் காவல் நின்றார். அங்கேயும் இரும்புக்கதவுக்கு முன்னால் விறைப்பாகத்தான் நிற்பார்.

"பத்தொம்பது வயசுல ரெஜிமென்ட் பேண்டுல சேர வந்தான்" என்று அப்பா சொல்வார். "ஊதச் சொன்னாங்க. கீழ நல்லாத்தான் இருந்துச்சு. மேல ஏறுறப்ப பொளந்துக்கிச்சு. போய்ட்டு வாப்பான்னுட்டாங்க. வெளிய வந்து என்னா சொன்னாங்குற? அவங்க குடுத்த அம்புஷூர் சரியில்லயாம்."

அன்று கிடைக்காத நல்ல அம்புஷூரைத் தேடத் தொடங்கியவர் பிறகு நிறுத்தவே இல்லை.

சைகோனுக்கு வந்த எங்கள் புதுச்சேரி, காரைக்கால் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ராணுவத்தில் இருந்தவர் செத்தால், குழி மந்திரித்து மண் போடுவதற்கு முன்னால், இறந்த சிப்பாய்க்கான அழைப்பை ஊத வேண்டும். நீளமான ஒன்றில்லை. கொஞ்ச நேரம் கீழேயே நின்று, பிறகு ஒரே ஒரு இடத்தில் மேலே ஏறி, அங்கே தனியாக நின்று, இறங்கி அடங்கிவிடும். ஊதாமல் மண் போட்டால் அந்த ஆள் இன்னும் வேலையிலிருந்து விடுபடவில்லை என்று எங்கள் கிழவர்கள் நினைத்தார்கள். இதை வேதம் சொல்லவில்லை, சாமியாரும் சொல்லவில்லை. கிழவர்கள் சொன்னார்கள். அவ்வளவுதான்.

பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறியபோது உண்மையாகவே ஊதத் தெரிந்தவரும் அவர்களோடு போய்விட்டார். இங்கே மிஞ்சியவர்கள் வயதான சிப்பாய்கள். ஆஸ்துமாவும் ஈரலும் பழைய குண்டுத் துகள்களுமாக ஒவ்வொருவராகச் சாகத் தொடங்கினார்கள். ஊத ஆளில்லை. அந்த நேரம் பார்த்து ரெஜிமென்ட் விட்டுப்போன சாமான்களிலிருந்து முசியே ஒரு ட்ரம்பெட் வாங்கியிருந்தார். வாயில் ராணுவ முத்திரை குத்திய பழைய பிரெஞ்சு ட்ரம்பெட். பேண்டில் இடம் கிடைக்காத குமாஸ்தாவிடம் கிழவர்கள் போய் நின்றார்கள். அவர் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்ற அழகைப் பார்க்க வேண்டும்.

பல அடக்கங்களில் அவர் ஊதிக் கேட்டிருக்கிறேன். ஒன்றுகூடச் சுத்தமாக அமைந்ததில்லை. அடக்கம் முடிந்ததும் கல்லறைக்கு எதிர்ப்பக்கம் ஒரு காப்பிக் கடையில் எல்லோரும் உட்காருவோம். கண்ணாடி டம்ளரில் காப்பி சொட்டுச் சொட்டாக இறங்கும். அடியில் டின் பால் காத்திருக்கும். கிழவர்கள் செத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசிவிட்டு, ஊதியதைப் பற்றி ஒன்பது வார்த்தை பேசுவார்கள். முசியே என் பக்கம் திரும்புவார். கோயில் பாட்டுக்குழுவில் நான் பாடுவேன், அதனால் எனக்குக் காது உண்டு என்று அவருக்கு நம்பிக்கை.

"பிசிறு தட்டுச்சா மத்மொசேல்?"

முப்பது தாண்டியும் கல்யாணமாகாதவளை அப்படித்தான் அழைப்பார். கேலியா மரியாதையா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

"மூணு எடத்துல, முசியே."

"அம்புஷூர்தான்" என்பார். கேட்டதில் வருத்தமே இருக்காது. வைத்தியர் நோயைக் கண்டுபிடித்துச் சொன்ன நிம்மதிதான் இருக்கும்.

அமெரிக்கர்கள் வந்த பிறகு அவருக்கு நல்ல காலம். பென் தான் மார்க்கெட்டுக்குப் பின்னால் நடைபாதையில் ராணுவக் கேன்டீன் சாமான்களெல்லாம் கிடைத்தன. சவரக் கத்தி, பீச் பழ டின், மழைக்கோட்டு, இவற்றுக்கு நடுவே எப்போதாவது ஓர் அம்புஷூர். ஒருமுறை அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். விளிம்பில் ஒரு வியட்நாமியப் பெயர் ஆணியால் கீறியிருந்தது. தென் வியட்நாம் ராணுவத்தின் பேண்டில் ஊதிய பையன், ப்ளேக்கூ போர்முனைப் பக்கம் போன லாரியில் செத்துவிட்டானாம். மனைவியே கொண்டுவந்து விற்றாளாம். மதாம் அதைத் தொட மறுத்தாள். செத்தவன் உதடு பட்டது என்றாள். முசியே பேசாமல் அடுக்களைக்குப் போய், சோறு வடிக்கும் பானையில் அதைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தார். மதாம் பேசாமல் வந்து பானையைத் தூக்கிச் சந்தில் எறிந்தாள். பானைதான் போயிற்று. அம்புஷூர் பெட்டிக்குள் போய்விட்டது.

அமெரிக்க அம்புஷூரின் காம்பு அவருடைய பிரெஞ்சுக் குழாய்க்குக் கொஞ்சம் மெலிவு. செருகினால் ஆடும். சிகரெட் தாளைச் சுற்றி இறுக்கிச் செருகுவார். ஒரு மழைநாள் அடக்கத்தில் தாள் ஊறிப் பருத்து, அம்புஷூர் உள்ளேயே சிக்கிக்கொண்டது. அடுத்த அடக்கம் நாலாம் நாள். கழற்றியே ஆக வேண்டும், வேறொன்றை மாட்டியே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அப்படியே ஊதினால் என்ன என்று கேட்டதற்கு, என்னைப் பச்சைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். சைக்கிள் கடைக்காரர் குறடு கொண்டுவந்தார். ட்ரம்பெட்டை முசியே கட்டிப்பிடித்துக்கொள்ள, கடைக்காரர் ஒரு காலைச் சுவரில் ஊன்றி இழுத்தார். அம்புஷூர் வந்தது. கூடவே குழாயும் முறுக்கிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து அந்த ட்ரம்பெட் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தே இருந்தது. நாலாம் நாள் அடக்கத்தில் நாலு பிசிறு.

பிஸ்டன்களுக்கு எண்ணெய் கிடைக்காத மாதங்களில் மண்ணெண்ணெய் விடுவார். சாம்பிராணியும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனைதான் எனக்கு அடக்கம் என்றால் ஞாபகம் வருவது. இந்த வயதிலும் எங்காவது மண்ணெண்ணெய் நெடி அடித்தால் யார் செத்தார்கள் என்று ஒரு கணம் யோசிக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிளப்பில் ஊதும் மணிலாக்காரன் ஒருவனை முசியே ஒருநாள் தேடிப் போனார். பதினொன்றையும் மேசைமேல் பரப்பி, எது சரி என்று கேட்டார். அவன் இருப்பதிலேயே மோசமானதை, ட்ரம்பெட்டோடு வந்த பழைய பிரெஞ்சு அம்புஷூரை எடுத்து மாட்டினான். சாய்ந்த குழாயிலேயே தேன்போல ஊதினான். கீழே வைத்துவிட்டு முசியேயின் வாயைக் காட்டி ஏதோ சொன்னானாம்.

"என்னா சொன்னான்?" என்று அப்பா கேட்டார்.

"அவன் ஒதடு அதுக்குன்னே பொறந்தது சார்ஜெண்ட். எனக்கு ஆவாது."

அப்பா அன்று சிரித்த சிரிப்பில் இருமல் வந்து தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. சிரித்து முடித்துவிட்டு முசியேயைக் கிட்ட அழைத்துச் சொன்னார்.

"இந்தா பாரு. மத்தவனுக்கெல்லாம் நீ எப்பிடி வேணா ஊது. என் குழியில சுத்தமா ஊதணும். பிசிறு தட்டுச்சுன்னா எந்திரிச்சி வந்து கன்னத்துல ஒண்ணு வுடுவேன்."

"உங்களுக்குன்னு ஒண்ணு தேடிக்கிட்டுத்தான் இருக்கேன், சார்ஜெண்ட்" என்றார் முசியே. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வியட்நாமியரின் தேத் புத்தாண்டில் நகரத்துக்குள்ளேயே சண்டை வந்ததே, அந்த வருஷத்து மழைக்கு முன்னால் ஒரு சாயங்காலம், ராக்கெட் ஒன்று இரண்டு சந்து தள்ளி விழுந்தது. முசியே அப்போது அலமாரிக்குள் இருந்தார். கட்டடம் குலுங்கியதில் அலமாரி முன்னால் சாய்ந்து, உள்ளே இருந்த ட்ரம்பெட்டை அவர் வாய்க்குள் இடித்தது. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது மதாமின் உடைகளில் எல்லாம் ரத்தம். கிழிந்த உதடு சில வாரத்தில் ஆறிவிட்டது. மேல்வரிசையில் முன்பல் ஒன்று மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. பேசும்போது நாக்கால் அதைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. தடித்த விளிம்புள்ள அம்புஷூர் கிடைக்குமா என்று மட்டும் தேடினார். முன்பு மூன்று என்றால் இப்போது ஐந்து இடத்தில் உடைந்தது. எல்லோருக்கும் காரணம் தெரியும். யாரும் சொல்லவில்லை. அந்தக் கிழவர்களுக்கு அந்த நாகரிகம் இருந்தது.

எனக்கு இல்லை.

கொப்ரால் மாமா செத்தபோது நடந்தது அது. ராணுவத்தில் கார்ப்பொராலாக இருந்தவர், அப்பாவோடு ஜப்பான்காரன் கைதி முகாமில் ஒரே பாயில் படுத்தவர். அப்பா அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். முசியே ஊதினார். மேலே ஏறும் இடத்தில் சுரமே வரவில்லை. காற்று மட்டும் வந்தது. இரண்டாவது முறை முயன்றார், காற்றுதான். கல்லறைச் சுவருக்கு அப்பால் நின்ற வியட்நாமியப் பிள்ளைகள் சிரித்தார்கள். அப்பா குழியோரத்தில் விறைப்பாக நின்றுகொண்டு, இமைக்காமல் இருந்தார். கன்னம் நனைந்திருந்தது.

காப்பிக் கடையில் முசியே சட்டைப்பையிலிருந்து அன்றைய அம்புஷூரை எடுத்தார். அந்தப் பழைய பிரெஞ்சு அம்புஷூர்தான். மணிலாக்காரனை நினைத்து அன்று அதை மாட்டிவந்திருந்தார்.

"நான் அப்பவே சொன்னேன். இது ஆவாது. விளிம்பு..."

"முசியே" என்றேன். "பதினோரு அம்புஷூர் வச்சிருக்கீங்க. ஆடுறது பல்லு. அந்தக் காலத்துல பேண்டுல உங்களைத் தொரத்தினாங்களே, அன்னிக்கி பல்லு நல்லாத்தானே இருந்துச்சு? அன்னிக்கும் வரல. இனிமேலும் வராது. செத்தவங்களையாவது நிம்மதியா படுக்க வுடுங்க."

கடையில் யாரோ ஒருவர் சிரித்தார். சங்கடத்தில் வந்த சிரிப்புத்தான். அது தொற்றிக்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள். முசியேயும் சிரிக்கப் பார்த்தார். ஆடும் பல் தெரியும் என்று நினைத்தாரோ என்னவோ, பாதியில் வாயை மூடிக்கொண்டார். அம்புஷூரைச் சட்டைப்பையில் போட்டார். காப்பியை முழுவதும் குடித்தார். கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டு அலமாரி திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை.

"நீ சொன்னது நெசந்தான்" என்றார் அப்பா ஒரு வாரம் கழித்து. "ஆனா ஊதுறதுக்கு நம்மகிட்ட அவன் ஒருத்தந்தான் இருந்தான். இப்ப எனக்கு யாரு ஊதுவா? போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வா."

போகவில்லை. சந்தில் எதிர்ப்படுவார். ரொட்டி வாங்கும் இடத்தில் பக்கத்தில் நிற்பார். "பொன்ழூர், மத்மொசேல்" என்று எப்போதும்போல் தொப்பியைத் தொடுவார். மன்னிப்புக் கேட்பதற்குத் தமிழிலும் பிரெஞ்சிலும் வியட்நாம் மொழியிலும் எனக்கு வார்த்தை தெரியும். மூன்றிலும் வாய் வரவில்லை. நான் சொன்னதில் பொய் இல்லை என்ற திமிர்தான் காரணம். நிஜத்தைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த வயதில் நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு நடந்த இரண்டு அடக்கங்களில் யாரும் ஊதவில்லை. கிழவர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு காப்பி குடிக்காமலே வீட்டுக்குப் போனார்கள். என்னை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் அப்பா படுத்தார். ஈரல். வயிறு வீங்கி, கால் வீங்கி, கட்டிலிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. சாயங்காலமானால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்புவார்.

"இன்னிக்கி ஊதலயா?"

"இல்லப்பா."

"கேட்டுப் பாத்தியா?"

"கேக்குறேம்ப்பா."

அந்த ஏப்ரலில் வடக்கு ராணுவம் நெருங்கிவர, நகரமே சாமான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் உண்டு. அப்பாவை விட்டுவிட்டு நான் எங்கே போவது? தெருவில் ஒரு மத்தியானம் சத்தமெல்லாம் அடங்கி, டாங்கிகள் வந்தன. அதற்கு முன்னாலேயே சந்தில் ஒவ்வொரு வீட்டுப் பின்கட்டிலும் புகை. பழைய சீருடை, அடையாள அட்டை, போட்டோ எல்லாவற்றையும் எரித்தார்கள். அப்பாவின் பதக்கங்களை ஒரு துணியில் சுற்றி மீன் சாறு ஜாடிக்கு அடியில் போட்டேன். பழைய ராணுவத்தோடு தொடர்புள்ளது எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே போயிற்று.

ஐந்தாறு வாரம் கழித்து, ஒரு காலை அப்பா போய்விட்டார். முந்தின நாள்கூடக் கேட்டார். "சொல்லிட்டியா அவன்கிட்ட?" என்றார். சொல்லிவிட்டேன் என்றேன். வருவதாகச் சொன்னார் என்றும் சேர்த்துச் சொன்னேன். அப்பா தலையை ஆட்டிக்கொண்டார்.

அப்பாவைக் குளிப்பாட்டிப் படுக்கவைத்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனேன். சந்தைத் தாண்டப் பத்து அடி. ஒன்றரை வருஷமாக நான் வைக்காத பத்து அடி.

முசியேதான் கதவைத் திறந்தார். இளைத்திருந்தார். முன்பல் இருந்த இடம் காலியாக இருந்தது. எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டில் இருந்துகொண்டு அதுகூடத் தெரியவில்லை.

"அப்பா போயிட்டாங்க, முசியே" என்றேன்.

"எத்தினி மணிக்கு எடுக்குறீங்க?"

"மூணுக்கு. முசியே, நான் அன்னிக்கிப் பேசினது..."

"சார்ஜெண்டுக்குச் சொன்ன வார்த்தை இருக்கு" என்றார். பிறகு உள்ளே பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ட்ரம்பெட்டு இல்ல. மதாம் கால்வாயில போட்டுட்டா. முத்திரை இருந்துச்சுல்ல. பெட்டியையும் சேத்துப் போட்டுட்டா."

மதாம் அவருக்குப் பின்னால் வந்து நின்றாள். அவளுக்குத் தமிழ் அரைகுறை.

"நான் பயம்" என்றாள் என்னிடம். "அவரைக் கொண்டு போவான். நான் பயம்."

அவளைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நீங்கள் வரவே வேண்டாம், முசியே, இந்தக் காலத்தில் ஆபத்து, அப்பா புரிந்துகொள்வார் என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோட்டை எங்கே என்று மதாமைக் கேட்டார். கோட்டையும் எரித்துவிட்டாள்.

அடக்கத்துக்குச் சாமியாரும் நானும் நாலு கிழவர்களும்தான். கையில் சிவப்புப் பட்டி கட்டிய, புது அரசாங்கத்தின் வட்டாரப் பொறுப்பாளர் ஒருவர் கூடவே வந்தார். சின்னப் பையன்தான், வட வியட்நாம் பேச்சு. சவப்பெட்டிமேல் எதுவும் வைக்கக் கூடாது, சல்யூட் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டு ஒரு மரத்தடிக்குப் போய் சிகரெட் பற்றவைத்தார். முசியே வெள்ளைச் சட்டையில், கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு, கடைசியில் நின்றார்.

சாமியார் குழியை மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார். வெட்டியான்கள் மண்வெட்டியை எடுத்தார்கள். அப்போது முசியே முன்னால் வந்தார். இருமல் வருவதுபோல் வலது கையை மடக்கி வாயில் வைத்துக்கொண்டார். மடக்கிய கைக்குள் என்ன இருந்தது என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது. காப்பிக் கடையில் என் கண்முன்னால் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாரே, அந்தப் பழைய பிரெஞ்சு அம்புஷூர். அன்றிலிருந்து அதை அவர் பெட்டிக்குள் திருப்பி வைக்கவே இல்லை. அதனால் கால்வாய்க்குப் போகாமல் அது ஒன்று மட்டும் தப்பியிருந்தது.

குனிந்து, குழியைப் பார்த்தபடி ஊதினார்.

ட்ரம்பெட் இல்லாமல் அம்புஷூரை மட்டும் ஊதிக் கேட்டிருக்கிறீர்களா? காதுக்குள் கொசு போனது போலிருக்கும். ஊதுகிறவனுக்கு ஒத்தாசை செய்யும் எந்தக் குழாயும் அதில் கிடையாது. சுரத்தை உதடுதான் பிடித்து நிறுத்த வேண்டும். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். அடுத்த நொடி பார்த்தால் நாலு கிழவர்களும் நிமிர்ந்து நிற்கிறார்கள். சல்யூட் அடிக்க முடியாத கைகள் வேட்டியோரத்திலும் கால்சட்டை ஓரத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கீழே நின்ற சுரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சின்னதாக, நேராக வந்தன. இத்தனை வருஷத்தில் அவர் அப்படி ஊதி நான் கேட்டதில்லை. கடவுளே, இந்த ஒருமுறை என்று வேண்டிக்கொண்டேன்.

மேலே ஏறும் இடம் வந்தது. பல் இருந்த ஓட்டை வழியாகக் காற்று புஸ்ஸென்று போனது. நிறுத்தினார். எச்சிலை விழுங்கினார். விட்ட இடத்திலிருந்து திரும்பத் தொடங்கினார். திரும்பவும் காற்று. மூன்றாம் முறை முயலவில்லை. இறங்கும் சுரங்களை ஊதி முடித்தார். மரத்தடிப் பையன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். கிழவன் அழுகிறான் என்று நினைத்திருப்பான்.

முசியே கையைத் தாழ்த்தினார். என் பக்கம் திரும்பினார்.

"பிசிறு தட்டுச்சா மத்மொசேல்?"

"இல்ல, முசியே. சுத்தமா இருந்துச்சு."

அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அவர் உள்ளங்கையை விரித்து அம்புஷூரைப் பார்த்தார்.

"ரெண்டு எடத்துல" என்றார். "இது மேல குறையில்ல, மத்மொசேல். இது நல்ல சாமான். நாந்தான்."

அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு குழியின் விளிம்புக்குப் போனார். அப்பாவின் தலை இருந்த பக்கமாகக் கன்னத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். வெட்டியான்கள் மண்வெட்டியோடு காத்திருந்தார்கள். கிழவர்கள் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். அப்பா எழுந்து வரவில்லை.